கொட்டாவிக்காரனும் இருநூற்றுப் பதினான்கு இலைகளும்

தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு சுவருக்குத் திடீரென்று இரண்டு பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்பு கிடைப்பது லேசுப்பட்ட பாக்கியம் அல்ல. எத்தனையோ சுவர்கள் இந்தப் பாக்கியம் இல்லாமலேயே முந்நூறு, நானூறு வருடம் நின்று, யாராலும் ஆராயப்படாமல், இன்றைக்கும் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன. நம் சுவர் அப்படிப்பட்டதல்ல. அதற்கு யோகம் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பழைய அவை மண்டபத்துச் சுவர் அது. சுவர் முழுக்க ஓர் ஓவியம். அரசர் ஒருவர் சபை நடத்துகிறார். யாரோ ஓர் அறிஞர் நீளமாக எதையோ பிரித்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார். சுற்றிலும் பெரிய மனிதர்கள் கன்னத்தில் கைவைத்து, புருவத்தை உயர்த்தி, எல்லாம் புரிந்ததுபோல் நிற்கிறார்கள். மொத்தம் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டாவது ஆள், வலது கோடியில், தூண் ஓரமாக நின்று கொட்டாவி விடுகிறான். சின்னக் கொட்டாவி அல்ல; கடைவாய்ப் பல் தெரிகிற கொட்டாவி.

பராமரிப்புப் பிரிவின் ஏணிக்காரருக்கு அந்தக் கொட்டாவிக்காரனை இருபத்தாறு வருடமாகத் தெரியும். மண்டபத்தின் வலது கோடி விளக்கு அவன் தலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பல்பு மாற்ற ஏணியின் எட்டாவது படியில் நின்றால் இரண்டு பேரும் முகத்துக்கு முகம். கீழே ஏதாவது கருத்தரங்கம் நடந்துகொண்டிருக்கும். ஏணிக்காரர் அவனைப் பார்ப்பார். அவன் வாயைத் திறந்தபடி இருப்பான். "இந்த மண்டபத்துல உள்ளதை உள்ளபடி சொல்றவன் நீ ஒருத்தன்தாண்டா" என்று முணுமுணுத்துவிட்டு இறங்குவார்.

ஒப்பந்தம் அந்த மண்டபத்தில்தான் கையெழுத்தானது. 'பண்பாட்டு மரபுச் செல்வப் பாதுகாப்பில் பன்னாட்டுப் பயிற்சி மற்றும் ஆய்வு ஒத்துழைப்பு.' கடல் தாண்டிய பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். உள்ளே ஒரு பதாகை, வாசலில் ஒரு பதாகை, போதாது என்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பத்து கெஜத்துக்கு ஒரு துணிப் பதாகை. மூன்றையும் கட்டியவர் ஏணிக்காரர். உள்ளே கட்டும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. அரசரின் தலைக்கு மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஈரக் கறை.

கையெழுத்தெல்லாம் முடிந்து, எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஏணிக்காரர், நம் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட துறைத் தலைவரிடம் போனார்.

"சார், ஓவியத்துக்கு மேல ஈரம் இறங்கியிருக்கு. மாடித் தண்ணி இறங்குற குழாய்ல இலை அடைச்சிருக்கும். கையை விட்டு எடுத்துட்டா சரியாப் போயிடும். நாலு நிமிஷ வேலை."

துறைத் தலைவர் சிரித்தார். அறியாமையை மன்னிக்கும் பெருந்தன்மையான சிரிப்பு.

"நீங்க அதை அடைப்புன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"நாங்க அதை 'ஈரப்பதத்தின் தோற்றுவாய்'னு சொல்றோம்."

"சரிங்க சார். அந்தத் தோற்றுவாய்லதான் இலை அடைச்சிருக்கு."

"அவசரப்படாதீங்க. இப்பத்தானே கையெழுத்துப் போட்டிருக்கோம்? முதல்ல பயிற்சி. அப்புறம் ஆய்வு. அதுக்கப்புறம் பரிந்துரை. எடுத்தவுடனே இலையை எடுத்துட்டா, ஒத்துழைப்புக்கு அப்புறம் என்ன வேலை?"

இந்தக் கேள்வியின் ஆழம் ஏணிக்காரருக்கு எட்டவில்லை. படிக்காதவர்.

ஒத்துழைப்பு மளமளவென்று வளர்ந்தது. முதல் பயிற்சி நான்கு நாள்: 'பார்த்தல், ஓர் அறிமுகம்'. இரண்டாவது பயிற்சி ஆறு நாள்: 'தொடாமை, கோட்பாடும் செய்முறையும்'. செய்முறை வகுப்பில் இருபது பேர் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் தொடாமல் இருந்தார்கள். எல்லோரும் தேறினார்கள். துறைத் தலைவர் மூன்று முறை கடல் தாண்டிப் போய், நன்றாகக் காய்ந்த சுவர்களைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்து மூன்று குழுக்கள் வந்து நம் ஈரச் சுவரைப் பார்த்துவிட்டுப் போயின. நம் ஈரத்தை அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் உலர்வை நாம் பார்த்தோம். அறிவுப் பரிமாற்றம் என்றால் இதுதான்.

கறைக்கும் ஒரு மரியாதை வந்தது. அதற்கு 'ஈ-1' என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்த சந்தோஷத்திலோ என்னவோ, அது தட்டு அளவிலிருந்து விரித்த குடை அளவுக்கு வளர்ந்தது. அதை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வு மாணவி நியமிக்கப்பட்டாள். கையில் எந்நேரமும் ஓர் எஃகு அளவுகோல் இருந்ததால் அவளுக்கு அளவுகோல் என்றே பெயராகிவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் கறையின் ஓரத்தை அளந்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். ஐந்து வருட ஆய்வு. மூன்று வருடம் போனபோது புள்ளிகள் அழகாக மேலேறிக்கொண்டிருந்தன.

மூன்றாம் வருடம் சுவருக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். 'பத்து அடிக்குள் ஏணி கொண்டுவரக் கூடாது.' அடுத்த மாதமே வலது கோடி பல்பு போனது. ஏணி இல்லாமல் மாற்ற முடியாது. ஏணிக்கு அனுமதி கிடையாது. அன்றிலிருந்து நிபுணர்கள் டார்ச் அடித்து ஆராய்ந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு கம்பீரம் வந்தது என்பதை மறுக்க முடியாது.

ஏணிக்காரரின் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைப்பவள். ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே பேசுவாள்.

"ஏங்க, அந்த இலையை எடுக்க எத்தனை பல்கலைக்கழகம் வேணும்?"

"ரெண்டு."

"ரெண்டும் சேர்ந்து எடுக்குமா?"

"இல்ல. ரெண்டும் சேர்ந்து பார்க்கும்."

"பார்த்து?"

"எழுதும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க ஆளு என்ன பண்றான்?"

"யாரு, கொட்டாவிக்காரனா? முடி வரைக்கும் ஈரம் வந்துடுச்சு."

"அவன் மூழ்குற வரைக்கும் நீங்களும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கப் போறீங்களா? அதுக்கும் நீங்க தேறிட்டீங்களா?"

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஏணிக்காரர் ஏணியை எடுத்தார். தடைப் பலகை மண்டபத்துக்கு உள்ளேதான் இருந்தது. அவர் ஏணியை வெளியே சாத்தினார். மாடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். குழாய் வாயில் கையை விட்டார். முதலில் மக்கிய இலைகள் வந்தன. பிறகு ஒரு பழைய டென்னிஸ் பந்து வந்தது. அப்புறம் பிசுபிசுவென்று ஒரு துணி. இழுத்தார். ஒப்பந்த நாளன்று அவரே கட்டிய பதாகையின் ஒரு முழக் கிழிசல். 'ஒத்துழை' என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீரை விழுங்க ஆரம்பித்தது. நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

அள்ளியதை ஒரு வாளியில் போட்டு இறங்கினார். ஈரக் குப்பையைக் குப்பை வண்டிக்காரர் எடுக்கமாட்டார் என்பதால், காயட்டும் என்று வாளியைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தார். அன்று சாயங்காலமே மழை பெய்தது. சுவர் சொட்டவில்லை.

பதினொரு நாள் சுவர் காய்ந்தது. கொட்டாவிக்காரனின் முடி ஈரம் காய்ந்து வெளுத்து, பிறகு பழையபடி கறுத்தது. பன்னிரண்டாம் நாள் விஷயம் வெடித்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அளவுகோல்தான். மூன்று வருடமாக மலையேறிய அவள் கோடு, நடுவழியில் படுத்துக்கொண்டது. அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். கோடு எழுந்திருக்கவில்லை. ஏணி வைத்திருப்பவர் ஒரே ஒருவர் என்பதால் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவர். சுவரில் ஒரு பெரிய திரை. திரைக்குள் கடல் தாண்டிய பேராசிரியை. எதிரே, உட்காரச் சொல்லப்படாமல், ஏணிக்காரர்.

"எந்த அதிகாரத்துல காப்பாத்துனீங்க?" என்றார் துறைத் தலைவர்.

"அதிகாரத்தால இல்லீங்க சார். கையாலதான்."

"இது சாதாரணக் குற்றம் இல்ல. 'அனுமதியற்ற பாதுகாப்பு'. புரியுதா?"

திரையிலிருந்த பேராசிரியை கோபப்படவில்லை. துக்கம் விசாரிப்பவரைப்போல் மெதுவாகக் கேட்டார்.

"எடுக்கிறதுக்கு முன்னால போட்டோ எடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"இலைகள் எந்த வரிசையில இருந்துச்சு?"

"மேல இருந்தது மேல, கீழ இருந்தது கீழங்க."

பேராசிரியை எழுதிக்கொண்டார். துறைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடுக்கு முறையே இருந்திருக்கு, மேடம். கலைச்சுட்டாரு."

பிறகு அவர் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, தீர்ப்பைச் சொன்னார்.

"நம்ம துறைக்கு முதல் கட்டளை ஒண்ணு இருக்கு. பாதுகாப்புன்னு நாம எதைச் செஞ்சாலும், அதைத் திரும்ப இல்லாம ஆக்க முடியணும். அதுக்கு 'மீள்தன்மை'ன்னு பேரு. நீங்க ஒண்ணு செஞ்சிருக்கீங்க. அதை இல்லாம ஆக்கணும்."

"அப்படின்னா சார்?"

"திரும்ப அடைக்கணும்."

ஏணிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"சரிங்க சார். மரத்தடியில நிறைய இலை கிடக்கு. ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டு..."

"புது இலையா!" திரையே அதிர்ந்தது. "அசல் பொருள் எங்கே?"

வாளி கொண்டுவரப்பட்டது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இலைகளைப் பரப்பி, அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தாள். இருநூற்றுப் பதினான்கு இலைகள். பதாகைத் துணியைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை. அது ஒப்பந்தத்தின் பகுதி. ஆனால் டென்னிஸ் பந்து, அடைப்பின் மூலக் கட்டமைப்பைச் சேர்ந்ததா அல்லது பிற்காலச் சேர்க்கையா என்பதில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் முதல் முறையாகக் கருத்து வேறுபாடு வந்தது. மூலக் கட்டமைப்பு என்றால் தொடக் கூடாது. சேர்க்கை என்றால் நீக்கலாம். மூன்று அமர்வுகள் நடந்தன. கடைசியில், ஒத்துழைப்பின் நலன் கருதி, பந்து 'மூலம்' என்று முடிவானது.

ஏணிக்காரர் மறுத்துப் பார்த்தார். மறுத்தால் இருபத்தொன்பது வருட வேலை போய்விடும் என்று ஒரு தாள் சொன்னது. அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். மாடிப் படியருகே வந்து நின்ற அளவுகோலின் கண்ணைத்தான் தாங்க முடியவில்லை. அழுதிருந்தாள்.

"அண்ணே, இன்னும் ரெண்டே மழைக்காலம்ணே. கோடு முடிஞ்சுடும். பாதியில நின்னா மொத்தமும் செல்லாதுங்கறாங்க. என் மூணு வருஷம் அண்ணே."

"நனைஞ்சா அவன் போயிடுவானேம்மா."

"யாரு?"

"வலது கோடியில வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்."

அளவுகோல் தரையைப் பார்த்தாள். "அவன் எப்படிப் போறான்கிறதுதான் அண்ணே என் ஆராய்ச்சியே."

இதைவிட நேர்மையான வாக்கியம் அந்தத் திட்டத்தில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஏணிக்காரர் ஏறினார். திரையைப் பேராசிரியையோடு மாடிக்குக் கொண்டுவந்து குடைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒன்றாம் எண் இலையை அவர் வேண்டாவெறுப்பாக இரண்டு விரலால் பிடித்து வைத்தார். துறைத் தலைவர் அதை 'நுட்பமான கையாளுகை' என்று குறித்துக்கொண்டார். எடுக்க நாலு நிமிஷம் ஆன அடைப்பை வைக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. நல்ல வேலைக்கு நேரம் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு?"

"எடுத்ததைத் திரும்ப வச்சுட்டு வந்துட்டேன்."

மெஷின் நின்றது. கல்யாணமானதிலிருந்து அவர் பேசி அந்த மெஷின் நின்றது அதுதான் முதல் தடவை.

"இத்தனை வருஷமா அங்க எதையாவது ரிப்பேர் பண்ணிட்டு வருவீங்க. ஒரு நன்றி கிடையாது. இன்னைக்கு முறைப்படி பாழ் பண்ணிட்டு வந்திருக்கீங்க. சர்டிபிகேட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

உண்மையில் கொடுத்திருந்தார்கள். 'மரபுசார் அடைப்பு மறுசீரமைப்பில் செய்முறைத் தேர்ச்சி.' கெட்டி அட்டை, இரண்டு முத்திரை, தங்க நிற ஓரம். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலாக மடித்து, ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த மெஷினின் காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. இந்தத் திட்டத்தால் ஏதாவது ஒன்று உறுதிப்பட்டது என்றால், அது அந்த மெஷின்தான்.

மழைக்காலம் கடமை தவறாமல் வந்தது. ஈ-1 சுவர் முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. அரசர் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தார். வாசித்துக்கொண்டிருந்த அறிஞர் அடுத்த வாரம், வாசிப்பு முடியாமலே, உரிந்தார். பெரிய மனிதர்கள் இரண்டு மூன்று பேராக, கன்னத்தில் வைத்த கையோடு, தரைக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் விழுந்த நாள், நேரம், கோணம் எல்லாம் பதிவானது. நம் நாட்டு வரலாற்றில் இவ்வளவு கவனத்தோடு எதுவும் விழுந்ததில்லை.

கொட்டாவிக்காரன் கடைசி வரை இருந்தான். இரண்டாம் மழைக்காலத்தின் முடிவில், ஒரு காலை, ஏணிக்காரர் மண்டபத்தைத் திறந்தபோது வலது கோடியில் வெறும் செங்கல் தெரிந்தது. கீழே அளவுகோல் மண்டியிட்டு, காரைத் துண்டுகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாய் மட்டும் உடையாம கிடைச்சுது அண்ணே. பெட்டி எண் அறுபத்தொண்ணு."

ஏணிக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். பஞ்சுக்கு நடுவில் ஒரு திறந்த வாய். கடைவாய்ப் பல் தெரிந்தது.

"எங்க போகும் இது?"

"அவங்க பல்கலைக்கழகத்துக்கு. ஆராய்ச்சிக்கு."

"பரவாயில்ல. இங்க இருந்து கடல் தாண்டிப் போனவங்கள்ல, போய் உள்ளதைச் சொல்லப் போறவன் இவன்தான்."

அளவுகோலுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே துறையில் வேலையும் கிடைத்தது. அவள் கோடு உச்சியைத் தொட்டு முடிந்த அழகைப் பார்த்துத் தேர்வாளர்கள் எழுந்து நின்றார்களாம். திட்டத்துக்கு 'மிகச் சிறப்பாக ஆவணப்படுத்தப்பட்ட இழப்பு' என்ற பன்னாட்டு விருது வந்தது. அதன் நினைவாகப் பித்தளைப் பலகை ஒன்று செய்து, வெறும் சுவரின் நடுவில் பதித்தார்கள். 'இங்கிருந்த ஓவியம் இரு பல்கலைக்கழகங்களின் கூட்டுப் பாதுகாப்பில் இருந்தது.' பொய் ஓர் எழுத்துகூட இல்லை.

திறப்பு விழாவன்று காலை துறைத் தலைவர் பராமரிப்புப் பிரிவுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஏணிக்காரரே! சுவர் சொட்டுதுய்யா! பலகை நனையுது! பித்தளை, கறுத்துடும்!"

"நாமதான் சார் சொட்ட வச்சோம்."

"அதெல்லாம் அப்போ! உடனே மேல ஏறி அந்த அடைப்பை எடுங்க!"

"அனுமதி சார்?"

"நான் சொல்றேன்ல?"

"முன்னால போட்டோ எடுக்கணுமே?"

"ஏறுங்கய்யா!"

ஐந்து வருடத்தில் அவர் அதை வெறும் 'அடைப்பு' என்று ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. ஏணிக்காரர் ஏறினார். இருநூற்றுப் பதினான்கு இலைகளும், 'மூலக் கட்டமைப்பு'ப் பந்தும், பதாகைத் துணியும் வாளிக்கு வந்தன. குழாய் பழைய ஏப்பத்தை விட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட, நாலே நிமிஷம்! இவ்வளவு சுலபம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

ஏணிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

விழா சிறப்பாக நடந்தது. கடல் தாண்டிய பேராசிரியை வர முடியாததால், அவருடைய உரையைத் துறைத் தலைவரே நீளமான தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார். நடு நாற்காலியில் துணைவேந்தர். சுற்றிலும் பெரிய மனிதர்கள் கன்னத்தில் கைவைத்து, புருவத்தை உயர்த்தி, எல்லாம் புரிந்ததுபோல் நின்றார்கள். படம் எடுத்தவள் அளவுகோல். எடுத்த பிறகு, கேமராத் திரையில் அதைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். எண்ணிக்கூடப் பார்த்தாள்.

அந்தப் படம் இறுதி அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்காகக் கடல் தாண்டிப் போனது. ஒரு வாரத்தில் பேராசிரியையிடமிருந்து கேள்வி வந்தது.

'படத்தில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். விருந்தினர் பட்டியலில் முப்பத்தொரு பெயர்களே உள்ளன. வலது கோடியில், தூண் ஓரமாக, ஏணியைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுபவர் யார்? பிற்காலச் சேர்க்கை எனில் நீக்கிவிடலாமா?'

ஆவணப் பொறுப்பாளர் என்ற முறையில் பதில் எழுத வேண்டியவள் அளவுகோல். அவள் ஐந்து வருடம் எதையும் அளக்காமல் எழுதியதில்லை. அன்று மட்டும் அளவுகோலை மேஜையில் வைத்துவிட்டு எழுதினாள்.

'அவர் மூலக் கட்டமைப்பைச் சேர்ந்தவர். தொடக் கூடாது. பிற்காலச் சேர்க்கை, மீதி முப்பத்தொரு பேரும்தான்.'